நாங்கள் படையல் வைத்த பட்டியல்

அன்றைக்கு அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு அம்மா, கண்டியிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண்மணி, அறுபதைத் தாண்டியவர். அவருடைய கிளார்க், வழுக்கை விழுந்த சிங்கள மனிதர், அதிகம் பேசாதவர். என் கொழுந்தன், அதாவது செத்துப்போன என் வீட்டுக்காரரின் தம்பி. என் நாத்தனார், அந்த இரண்டு பேருக்கும் தங்கச்சி, புசல்லாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். என் மகள், பேராதனை கெம்பஸில் மூன்றாம் வருஷம். ஆறாவது ஆள் நான்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஒரு கடதாசியில் கையெழுத்துப் போடுவதென்றாலே எனக்குப் பயம். அன்று காலை கடுகண்ணாவையிலிருந்து பஸ் ஏறினதிலிருந்து அடையாள அட்டை பையில் இருக்கிறதா என்று எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. இருந்தது. பிறகு கேஸ் அடுப்பை மூடினேனா என்ற யோசனை. மகள் மூடியதாகச் சொன்னாள். அவள் சொன்னதையும் நம்பாமல், பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

விஷயம் இதுதான். நாங்கள் இருந்த வீடு பிரதான பாதையைப் பார்த்தது. ஒன்பது பேர்ச்சஸ் நிலம். முன்னறையில் நான் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன். ஏற்றம் ஏறிக் களைத்து நிற்கிற லொறிக்காரர்களுக்குக் காலையில் இடியப்பமும் சம்பலும், மத்தியானம் சோறு. வீடு என் மாமனார் வழி வந்தது, பிரிக்கப்படவில்லை. கொழுந்தனுக்கு ஹார்ட்வெயார் கடை. அதைப் பாதையோரம் கொண்டுவந்தால்தான் பிழைக்கலாம் என்று நின்றார். என் பங்கையும் நாத்தனார் பங்கையும் அவரே வாங்குவது, பேங்க்கில் கடன் எடுத்துக் காசு தருவது என்று பேச்சு. வீட்டின் பெறுமதி நாற்பத்தைந்து லட்சம், மூன்று பங்கு, ஆளுக்குப் பதினைந்து. மாட்டேன் என்று சொன்னால் பங்கு வழக்குப் போடலாமாம். வழக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். பதினைந்து லட்சத்தில் பேராதனைப் பக்கம் ஒரு சின்ன இடம் பிடித்து, திரும்பவும் அடுப்பு மூட்டலாம் என்று கணக்கு. என் கையில் இருந்த எதிர்காலம் அவ்வளவுதான், அந்தப் பதினைந்து லட்சம்.

காணி எப்படி வந்தது என்று காட்டும் பழைய கடதாசி எல்லாம் வேண்டும் என்று பேங்க் கேட்டிருந்தது. அதனால் கொழுந்தன் சாமி அலுமாரியில் இருந்த மஞ்சள் துணிக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

அந்தக் கட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் பூட்டன் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்தவர். இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, தன் கீழே வேலைக்கு வைத்து, துரையிடம் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியவர். தோட்டத்தில் கோயில் கட்டியதும் அவர்தான். அவர் விட்டுப்போன கடதாசிகளில் இங்கிலீஷில் சில தாள், தமிழில் ஒரு பட்டியல். பட்டியலில் பேர், பேருக்கு நேரே ரூபாயும் சதமும். இங்கிலீஷ் எழுத்து கோழி கிண்டினது போல இருக்கும், யாரும் வாசிக்கப் போனதில்லை. தமிழ்ப் பட்டியலைத்தான் குடும்பமே கொண்டாடியது. கோயில் கட்டக் காசு கொடுத்தவர்களின் பேர் என்று எல்லோரும் நம்பினோம். ஒவ்வொரு மாசியிலும் சிவராத்திரிக்கு முந்தின நாள் அந்தக் கட்டை இறக்கி, குங்குமம் வைத்து, விளக்குக் கொளுத்தி, பேர்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தேங்காய் உடைப்பார்கள். முதல் பக்கம் மட்டும்தான் வாசிப்பது. மற்ற பக்கங்கள் எண்ணெய் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. “மத்த எல்லாருக்கும் சேத்து” என்று சொல்லிக் கடைசித் தேங்காயை உடைப்பார் என் வீட்டுக்காரர். அவர் போன பிறகு கொழுந்தன் உடைத்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து வருஷா வருஷம் அந்தப் பட்டியலுக்குப் பொங்கலும் வடையும் செய்தவள் நான்.

நொத்தாரிசு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் தாள்களை மெதுவாக வாசித்தார். இது மரண சாசனம் என்றார். பெரிய கங்காணி சாகும் முன்னம் எழுதி வைத்தது. கடுகண்ணாவைக் காணி மூத்த மகனுக்கு. அது எங்கள் வழி. கொழுந்தன் முகம் மலர்ந்தது. அம்மா அடுத்த தாளுக்குப் போனார். அங்கே நின்றுவிட்டார். திரும்பவும் மேலேயிருந்து வாசித்தார். பிறகு தமிழ்ப் பட்டியலைக் கேட்டார்.

ஒட்டியிருந்த பக்கங்களைக் கிளார்க் கோடு போடுகிற அடிமட்டத்தை நுழைத்து, கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். உள்ளே குங்குமமும் எண்ணெயும் படாத இடத்தில் எழுத்து நேற்று எழுதினது போல இருந்தது.

அம்மா சொன்னது இது. பேர்கள் கோயிலுக்குக் கொடுத்தவர்களுடையவை அல்ல. கங்காணிக்குக் கடன்பட்டவர்கள். கப்பல் கூலி, கம்பளி, அரிசி, கல்யாணச் செலவு, செத்த செலவு, எல்லாம் முன்பணமாகக் கொடுத்து அவரவர் தலையில் எழுதிய பற்று. மரண சாசனத்தில் கங்காணி அந்தப் பற்றைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். முதல் பக்கத்துக் குடும்பங்கள் மூத்த மகனுக்கு. இரண்டாம் பக்கம் இளைய மகனுக்கு. கடைசிப் பக்கம், நான்கு குடும்பம், மகளுக்கு. அவள் கல்யாணமாகிப் போகிற தோட்டத்துக்கு அந்த நான்கு குடும்பமும் கூடப் போக வேண்டும்.

எனக்கு முதலில் வந்த நினைப்பு வடையைப் பற்றி. யாருடைய கடன் பட்டியலுக்கு நான் இத்தனை வருஷம் உளுந்து அரைத்தேன் என்று.

நாத்தனார்தான் முதலில் வாய் திறந்தாள். ஆளை எழுதி வைக்க முடியுமா, அந்தக் காலத்தில் அடிமை இருந்ததா என்று கேட்டாள். ஆளை எழுதவில்லை, கடனைத்தான் எழுதியிருக்கிறது என்றார் அம்மா. சட்டப்படி சரியான பதில். என் மகள் அதை விடவில்லை. கடனைக் கட்டி முடித்து, துண்டு என்கிற சீட்டு வாங்காமல் ஒருத்தன் வேறு தோட்டத்துக்குப் போக ஏலாது, அதனால் கடன் யார் கையில் இருக்கிறதோ ஆளும் அவன் கையில்தான் என்றாள். பிறகு, அவளுக்கே உரிய கெம்பஸ் குரலில், அமெரிக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

அது அவர்கள் பாடத்தில் இருந்ததாம். வெள்ளைக்காரன் அமெரிக்காவை ஆண்ட காலத்தில், புகையிலைத் தோட்டம் வைத்திருந்த குடும்பங்கள் எழுதின மரண சாசனங்கள். மகனுக்குக் காணி, மகளுக்கு ஆள். காணி அசையாது, கட்டிப்போகிற பெண்ணோடு ஆள் அசையும், அதனால். கறுப்பு இனத்துப் பிள்ளை ஒன்றைப் பேர் சொல்லி, இது என் இளைய மகளுக்கு, இதன் வயிற்றில் இனிமேல் பிறப்பதும் அவளுக்கே என்று எழுதுவார்களாம். மனைவிக்கு உயிர் இருக்கும் வரைக்கும் பாவிக்க இத்தனை பேர், அவள் செத்த பிறகு பிள்ளைகளுக்குப் பங்கு. சரிசமமாக வரவில்லையென்றால் சீட்டுக் குலுக்குவது, இல்லாவிட்டால் ஒருவரை விற்றுக் காசைப் பிரிப்பது. செத்த வீட்டில் சாமான் கணக்கு எடுக்கும்போது கட்டிலுக்கும் பசு மாட்டுக்கும் நடுவில் ஒரு தாயின் பேரும் விலையும் இருக்கும். கடவுள் பேரைச் சொல்லித்தான் அந்தக் கடதாசியை ஆரம்பிப்பார்களாம்.

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. அது வேற, இது வேற, நம்ம ஆளுங்களுக்குச் சம்பளம் இருந்திச்சு, விக்கவா செஞ்சோம் என்றார். வேறதான் சித்தப்பா, அங்கே சங்கிலி இருந்தது என்று மகள் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். பங்கு கையில் வரும் முன்னம் இவள் வாயால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயம்.

அம்மா கடைசிப் பக்கத்தைத் தமிழில் அப்படியே வாசித்தார். மகளுக்குப் போன நான்கு குடும்பம். மூன்றாவது பேரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் அப்பாவின் தாத்தா பேர். அந்தப் பேர் ஊரில் பலருக்கு இருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். அம்மா தொடர்ந்தார்: “இடக்கையில் இரண்டு விரல் இல்லை, ஆனாலும் வேலைக்கு ஆகும். மனைவி ஒன்று. பெண் வயது ஒன்பது. பெண் வயது ஆறு. ஆண் கைக்குழந்தை.”

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியில் இரண்டு விரல் போன கதையை அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் கைக்குழந்தை என் தாத்தா. தாத்தா பிறந்தது வேறு தோட்டம், கைப்பிள்ளையாக இருக்கும்போது புசல்லாவைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். ஏன் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பஞ்சமா, சண்டையா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, அதனால்தான் என்று அந்தக் கதிரையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்தது. அந்தக் கங்காணி மகளின் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு உறவு முறையில் வந்தபோதுதான் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். லயத்துக் கூலி வீட்டுப் பெண் வேண்டாம் என்று இந்தக் குடும்பம் இரண்டு வருஷம் ஆடின ஆட்டம் எனக்குத்தான் தெரியும்.

இது எங்கள் ஆட்கள் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

கொழுந்தன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. இறுக்கத்தைக் குறைக்கிற சிரிப்பு, அவர் எப்போதும் அப்படித்தான். “அப்ப அண்ணி எங்க பங்குலயே இல்ல, புசல்லாவைக்குக் கட்டிப்போன பெரியத்தைப் பங்கு. அண்ணன் தெரியாம அடுத்த வீட்டுச் சொத்துல கை வச்சிட்டாரு.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிளார்க்குக்குத் தமிழ் விளங்கும் போல, அவரும் குனிந்துகொண்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். இந்த வீட்டில் அவர் பகிடி விட்டால் நான் சிரிக்கிற பழக்கம். மகள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சித்தப்பாவைப் பார்த்திருந்தால் எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

நொத்தாரிசு அம்மா கடதாசிகளை ஒழுங்காக அடுக்கி, காணிக்கு இந்தச் சாசனம் போதும், வந்த வேலையைப் பார்ப்போம் என்றார். மூன்று சமபங்கு. நாத்தனாருக்குப் பதினைந்து, எனக்குப் பதினைந்து. நான் பேனாவை எடுக்கப் போனேன்.

அப்போது கொழுந்தன், ஒரு நிமிஷம் அண்ணி என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு சீஆர் கொப்பியை எடுத்தார். தடித்த மட்டை, முதுகில் சிவப்புத் துணி. கடையில் பாக்கி எழுதுகிற கொப்பி என்று நினைத்தேன். விரித்து என் பக்கம் திருப்பினார்.

முதல் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பேர். அவர் கிடையில் இருந்த மாதங்களில் ஆஸ்பத்திரிக்கு வெளியே காசு கட்டி எடுத்த ஸ்கேனும் மருந்தும், ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். பெட்டியும் செத்த வீட்டுச் செலவும், ஒரு லட்சத்து நாற்பதாயிரம். எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் செய்த காரியம், தொண்ணூற்றைந்தாயிரம். இரண்டாம் பக்கத்தில் என் பேர். காற்றில் பறந்த கூரைக்குத் தகரம் போட்டது, ஒரு லட்சம். ஒவ்வொன்றுக்கும் நேரே திகதி, நேரான கையெழுத்து.

அந்தக் காசுகள் வந்த நாட்கள் எனக்கு நல்ல ஞாபகம். பெட்டி வாங்கின அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் இருக்கேன் அண்ணி என்று அழுதவர் அவர். அது பொய்யான அழுகை இல்லை. இன்றைக்கும் நான் அப்படித்தான் நம்புகிறேன். அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்க் கொப்பியில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். நானோ கூடப்பிறந்தவர் செய்கிறார் என்று நினைத்து, போகிற கோயிலில் எல்லாம் அவர் பேருக்கு அர்ச்சனை செய்துகொண்டிருந்தேன்.

கணக்குன்னா கணக்கு, தப்பா நெனக்காதீங்க, வட்டி ஒரு சதம் போடல என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாட்டில் காசு இல்லாமல் போன காலத்தில் சீமெந்து விற்பனை நின்று அவர் கடை படுத்துவிட்டது. அவர் மனைவி நகையை அடகு வைத்தது எனக்குத் தெரியும். நான் தலையாட்டிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். கூட்டுத்தொகை அங்கே இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாம் பக்கத்தில் என் மகள் பேர்.

கெம்பஸ் போர்டிங், லெப்டொப், ஒரு லட்சத்து அறுபதாயிரம். அதற்குக் கீழே கோடு போட்டு, பக்கத்தின் மிச்சம் முழுவதும் வெறுமையாக விட்டிருந்தது. இனிமேல் எழுதுவதற்கு.

என் மகளுக்கு ஒரு பக்கம். இருபத்திரண்டு வயது, அவள் கேட்டு ஒரு ரூபாய் வாங்கினதில்லை. ஏன் தனியாக எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அது பெரிய விஷயமா என்பது போலப் பார்த்தார். புள்ள நாளைக்கு வேலைக்குப் போகும், அது செலவ அது குடுக்கட்டும், உங்க பங்குல ஏன் அதையும் வெட்டணும், உங்க நன்மைக்குத்தான் தனியா வச்சேன் என்றார். உண்மையாகவே என் நன்மைக்குத்தான் செய்திருந்தார். அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

நொத்தாரிசு அம்மா குறுக்கிட்டார். இந்தக் கொப்பிக்குச் சட்டத்தில் இடமில்லை, நான் ஒத்துக்கொண்டால்தான் கழிக்கலாம், ஒத்துக்கொள்ளத் தேவையில்லை, யோசித்துச் சொல்லும்படி சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யோசித்துச் சொல்லு என்றால் எனக்கு யோசனையே வராது. பயம்தான் வரும். இவரைப் பகைத்தால் நாளைக்கு மகள் கல்யாணத்தில் யார் முன்னே நிற்பது. ஒத்துக்கொண்டால் கையில் வருவதில் வீடு வாங்க முடியுமா. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய கலண்டர் தாள் ஒன்று இருந்தது, அதில் கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன். “எல்லாத்தையும் எம் பங்குல இன்னைக்கே கழிச்சுக்கங்க தம்பி. எம் மக பக்கத்தையும் சேத்து. கழிச்சிட்டு அந்தப் பக்கத்தக் கிழிச்சு எங்கிட்டக் குடுங்க.”

அம்மா என்று மகள் என் கையைப் பிடித்தாள். வேண்டாம், நான் உழைத்துக் கொடுக்கிறேன், நீ ஏன் வீட்டுக் காசை விடுகிறாய் என்று காதுக்குள் சண்டை போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை வாயை மூடு என்றேன், அதுவும் நாலு பேருக்கு முன்னால். கொழுந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் என்ன பெரிய கங்காணியா அண்ணி என்று கேட்டார். இல்ல தம்பி, நீங்க நல்லவரு, கிழிச்சுக் குடுங்க என்றேன்.

அவர் கிழிக்கவில்லை. பேனாவால் அடித்துவிடுகிறேன் என்றார். கிளார்க்தான் கேட்காமலே அடிமட்டத்தை வைத்து, தையல் ஓரமாகப் பக்கத்தைப் பிரித்து எடுத்து என்னிடம் நீட்டினார். நான்காக மடித்து அடையாள அட்டையோடு வைத்துக்கொண்டேன். நொத்தாரிசு அம்மா கூட்டிப் பார்த்தார். மொத்தக் கழிவு ஆறு லட்சத்து எண்பதாயிரம். எனக்கு வர வேண்டியது எட்டு லட்சத்து இருபதாயிரம். ஐந்து லட்சத்துக்கு அன்றே செக். மிச்சம் மூன்று மாதத்தில் தருவதாக ஒரு கடதாசி. கையெழுத்துப் போடும்போது என் பேரில் ஒரு எழுத்து விட்டுப்போனது, திரும்பவும் போட்டேன்.

பஸ்ஸில் வரும்போது மகள் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். பேராதனைப் பாலம் தாண்டின பிறகுதான் பேசினாள். அந்த மாதிரிக் கடதாசி எங்கள் பக்கத்திலும் எத்தனை வீட்டு அலுமாரியில் இருக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. ஒன்பது வயதுப் பெண்ணும் ஆறு வயதுப் பெண்ணும் என் அப்பாவின் அத்தைமார், அவர்கள் பேர்கூட அந்தத் தாளில் இல்லையே என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கும் அவர்கள் பேர் தெரியாது.

வீடு வாங்கவில்லை. பேராதனையில் ஹொஸ்டல் பிள்ளைகள் நடமாடுகிற பாதையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, அங்கேயே இடியப்பம் அவிக்கிறேன். ஐந்து லட்சத்தில் முற்பணமும் அடுப்பும் பாத்திரமும் போகக் கொஞ்சம் பேங்க்கில் இருக்கிறது. போன மாசிக்குக் கொழுந்தன் படையல் வைக்கவில்லை என்று நாத்தனார் போனில் சொன்னாள். பட்டியல் என்ன ஆயிற்று என்று கேட்டேன், தெரியாது என்றாள்.

மூன்று மாதம் என்று சொன்னது இப்போது பதினான்கு மாதம். மாதம் ஒரு தடவை போன் பண்ணுகிறேன். தாறேன் அண்ணி, வியாபாரம் படுத்திருக்கு என்கிறார். பொய் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரியும். அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, அந்தக் கவலையும் எனக்கு. அவருடைய மகன் இந்த வருஷம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: நான் உயிரோடு இருக்கும் வரைக்கும் நான் கேட்பேன், அவர் உயிரோடு இருக்கும் வரைக்கும் அவரிடம் கேட்பேன். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டால் அன்றோடு விட்டுவிட வேண்டும், அந்தப் பையனிடம் போய் நிற்கக் கூடாது. சட்டப்படி கேட்கலாமே அம்மா என்றாள். கேட்கலாம், நீ கேட்காதே என்றேன். சரி என்று சொல்லியிருக்கிறாள். இன்று வரைக்கும் அவர் தர வேண்டியது மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.